இடது காது தரையில் பட்டபோது

படுத்து எழுந்தால் தலை சுற்றுகிறது, அண்ணாந்தால் சுற்றுகிறது, புரண்டு படுத்தால் வீடே உருள்கிறது என்று சொல்லுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பில் பாதியோடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். ஆனால் பதினாலு வயதில் இரண்டு பொதிமாட்டோடு தொடங்கி, காந்தலூர் மலையிலிருந்து பூண்டு இறக்கி, நாற்பது மாடு வரைக்கும் ஓட்டி, முதலமடையில் பதினெட்டு ஏக்கர் நிலமும் ஓட்டு வீடும் என் கையால் உண்டாக்கினேன். எவனும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவு படித்தவனும் புரிந்துகொண்டதில்லை என்று அந்த டாக்டரே சொன்னார். அதனால் எழுதலாம் என்று துணிந்தேன்.

இந்த நோய் எனக்கு முதலில் வீட்டில் வந்திருந்தால் ஒன்றுமில்லை. வந்தது மாரியம்மன் கோயிலில், ஊரே கூடி நிற்கும்போது.

எனக்கும் என் தம்பி சின்னச்சாமிக்கும் நிலம் அடுத்தடுத்து. நடுவில் வரப்பு, வரப்பில் ஓர் எல்லைக்கல். ஒரு வருஷம் அவன் என் மாடுகளைப் பார்த்துக்கொண்டு காந்தலூரிலேயே தங்கியிருந்தான். அந்த வருஷத்து மழையில் வரப்பு உடைந்து கல் சேற்றில் சாய்ந்துவிட்டது. நான்தான் அதைத் தூக்கி இருந்த இடத்தில் நட்டேன். மூன்று ஆள் தூக்கும் கல். ஒற்றை ஆளாக நட்டேன். பார்க்கத்தான் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பல வருஷம் கழித்து, கல் தன் பக்கம் ஏறியிருக்கிறது என்று தம்பி சொன்னான். கிராம அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துச் சங்கிலி பிடித்து அளந்துவிடலாம் என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மலைப்பாதையில் வருகிற பொதியைத் தூரத்தில் பார்த்தே இத்தனை துலாம் என்று சொல்லிவிடுவேன். தராசில் வைத்தால் அதேதான் இருக்கும். அப்படிப்பட்ட கண்ணுக்கு மேல் ஒரு சங்கிலியா?

"சங்கிலி எதுக்குடா? ஆத்தா முன்னால சத்தியம் பண்றேன். அப்பறம் பேச்சு மூச்சு இருக்கப்படாது" என்றேன்.

"பண்ணுங்ணா. ஆத்தா சொன்னா அதுக்கு மேல நா ஒண்ணுங் கேக்க மாட்டனுங்க" என்றான் அவன்.

செவ்வாய்க்கிழமை குளித்து ஈர வேட்டியோடு போனேன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "அந்தக் கல்லை ஒரு விரற்கடைகூட நான் நகர்த்தவில்லை" என்று சத்தியம் செய்தேன். அதன்பின் தரையில் நீட்டி விழுந்து கும்பிட்டேன். நம் பக்கத்து ஆண்கள் விழுந்து கும்பிடுகிற முறை தெரியுமே. நெற்றி பட வேண்டும், பிறகு வலது காது, பிறகு இடது காது. நெற்றி பட்டது. வலது காது பட்டது. இடது காது தரையில் பட்ட மாத்திரத்தில் கோயில் தூண், சூலம், விளக்கு எல்லாம் செக்கு மாடு சுற்றுகிறது போலச் சுற்றத் தொடங்கின. தரையை இரண்டு கையாலும் பிடித்தேன். தரையும் சுற்றியது. கண்ணை மூடினால் இன்னும் அதிகம். அங்கேயே, அம்மன் நடைக்கு நேரே, காலையில் குடித்த கம்மங்கூழ் முழுதும் வாந்தியாக வந்துவிட்டது.

என்னைத் தூக்க ஒருவரும் வரவில்லை. பூசாரி மட்டும் இரண்டு எட்டு பின்னால் போய், "ஆத்தா ஏத்துக்கிலீங்க" என்றார். சின்னச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அவன் ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் விடுகிற ஆளா? அடுத்த செவ்வாயும் போனேன். வெறும் வயிற்றோடு போனேன். நெற்றி, வலது காது, இடது காது. மறுபடியும் அதே சுற்றல். மூன்றாம் வாரம் போனபோது பூசாரி நடையைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து என் களத்துமேட்டுக்குப் பேசவென்று வருகிறவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். கடை வீதியில் நான் போனால் பேச்சு நிற்கும், தாண்டிப் போனதும் தொடரும். என் சொல்லை வைத்து நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவன் நான். என் சொல் பொய் என்று அம்மனே சொல்லிவிட்டாள் என்றால் பிறகு எனக்கு என்ன மிச்சம்?

எங்கள் ஊர் வைத்தியர் பித்தம் என்றார். நார்த்தங்காயும் இஞ்சிச் சாறும் கொடுத்தார். ஒரு மண்டலம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நாற்பத்தெட்டு நாள் கட்டிலோடு கிடந்தேன். வாழ்க்கையில் நான் அப்படிப் படுத்ததே கிடையாது. என் மனைவி நாச்சாள் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். மண்டலம் முடிந்து எழுந்தேன். முன்பு கோயிலில் தலையை வெடுக்கென்று திருப்பினபோது மட்டும் வந்த சுற்றல் இப்போது கட்டிலில் மெல்லத் திரும்பினாலே வந்தது. இரவல் வாங்கின உடம்பு போலத் தலையைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று.

"ஏனுங்க, இந்த வைத்தியம் போதுமுங்க. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம். வண்டி கட்டச் சொல்லீட்டேன்" என்றாள் நாச்சாள். கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருஷத்தில் என்னைக் கேட்காமல் அவள் வண்டி கட்டச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் திண்ணை போன்ற நீள வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். காலையில் போய் உட்கார்ந்தவன் உச்சி வெயில் வரை உட்கார்ந்திருந்தேன். என் பேரைக் கேட்டாலே எழுந்து நிற்கிற மனிதர்கள் கொல்லங்கோடு வரை இருந்தார்கள். அங்கே கம்பவுண்டர் என்னை "அடுத்த ஆள்" என்று கூப்பிட்டார். நாச்சாள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பத்துப் பேர் பார்க்க அப்படி உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தலையை எடுக்கவில்லை.

டாக்டர் பாலக்காட்டுக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். நாடி பிடிக்கவில்லை, நாக்கைப் பார்க்கவில்லை. கேள்வியாகக் கேட்டார்.

"சுத்தல் எத்ர நேரம் நிக்கும்?"

"ஒரு வெத்தல போடற நேரமுங்க. அதுக்குள்ள போயிரும்."

"காதில சின்ன வயசில சீழ் வந்திட்டுண்டோ?"

"இல்லீங்க."

"நீண்ட காய்ச்சல்? நீண்ட படுக்கை?"

மண்டலம் படுத்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதாணு தப்பு. படுக்கப் படுக்க இது கூடும்" என்றார். பிறகு, "எந்தப் பக்கம் சாஞ்சு உறங்கும்?" என்று கேட்டார்.

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெருமையாகவே சொன்னேன். பொதிமாட்டுக்காரன் மலையில் தூங்கும்போது எப்போதும் இடது காதைத் தரையில் வைத்து வலது காதை மேலே வைப்பான். எனக்கு வலது காது கூர்மை. மாட்டு மணி ஒன்று குறைந்தாலும் தூக்கத்திலேயே தெரியும். சிறுத்தை வந்த இரண்டு தடவையும் நான்தான் முதலில் எழுந்தேன். அந்தப் பழக்கம் வீட்டிலும் போகவில்லை. நாற்பது வருஷமாக இடது பக்கம்தான்.

டாக்டர் எழுதிக்கொண்டார். "தலையில எப்பவாவது அடி பட்டதோ?"

"இல்லீங்க. எனக்கெல்லாம் அடி படாது" என்றேன்.

நாச்சாள் மெல்லத் தொண்டையைச் செருமினாள். "போன மாசி மாசம் வண்டி கொடை சாஞ்சுதுங்களே."

அன்றைக்குப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி வண்டி கவிழ்ந்து, நுகத்தடி என் இடது காதுக்குப் பின்னால் அடித்தது உண்மை. எழுந்து வண்டியை நானே நிமிர்த்தினேன். மாடோட்டத் தெரியாதவன் போல விழுந்தேன் என்று வெளியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒருவருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தலகாணியில ரத்தமிருந்துதுங்க. நாந்தான் தொவைச்சுப் போட்டேன். நீங்க சொல்லோணும்னா சொல்லுவீங்கன்னு கேக்கல."

அந்த நாள் முழுதும் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

மறுநாள் சோதனை. கவை போன்ற ஓர் இரும்பைத் தட்டி அதிரவைத்துக் காதருகே பிடித்தார்கள். காதுக்குள் குளிர்ந்த தண்ணீரைப் பீச்சினார்கள். அது ஓர் அவஸ்தை, உடம்பு தானாகச் சாய்கிறது. கடைசியில் டாக்டர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து, வலது பக்கம் திருப்பி மளாரென்று மல்லாத்தினார். ஒன்றுமில்லை. உட்காரவைத்து, இடது பக்கம் திருப்பி அதே மாதிரி மல்லாத்தினார். நான் கத்திவிட்டேன்.

"கண் மூடண்டா! திறந்து பிடி! சுவரு சுத்துதோ?"

"சுத்துதுங்க! நிறுத்துங்க!"

"சுவரு நிக்குது, கவுண்டரே. நிங்கட கண்ணாணு ஆடுது." நாச்சாளைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டினார். "நோக்கு அம்மா. ஆடுதோ?"

"ஆமாங்க. தறி நாடாவாட்டம் ஓடுதுங்க" என்றாள் அவள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் கண் என்னிடம் பொய் சொன்னதே இல்லை என்று அந்த மயக்கத்திலும் சண்டை பிடித்தேன். டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். வீடு கட்டும்போது கொத்தனார் ரசமட்டம் வைப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் நீரும் ஒரு குமிழியும் இருக்குமே, அது போன்ற ஓர் அமைப்பு காதுக்குள் மிக உள்ளே இருக்கிறது. தலை நிமிர்ந்ததா சாய்ந்ததா என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். அங்கே சுண்ணாம்புத் தூள் போன்ற நுண்ணிய மணிகளும் உண்டாம். அடிபட்டாலோ, வயதானாலோ, நெடுநாள் படுத்தாலோ அவை கலைகின்றன போலிருக்கிறது என்று பெரிய டாக்டர்கள் நினைக்கிறார்களாம். முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாது என்றும் அவரே சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் வைத்தியர் அவர்தான். பெண்களுக்கு இது இன்னும் அதிகம் வருகிறதாம். போய்விட்டது என்று நினைக்கும்போது திரும்ப வருமாம். உயிருக்கு ஒன்றுமில்லையாம்.

"அப்ப ஆத்தா தள்ளுலீங்களா?" என்று நாச்சாள் கேட்டாள். கோயிலில் நடந்ததை அவள் சொல்ல, டாக்டர் முழுதும் கேட்டுக்கொண்டார். "இடது காது நிலத்தில தொட்டால் எந்தக் கோயிலிலும் சுத்தும். பள்ளிவாசலிலும் சுத்தும், சர்ச்சிலும் சுத்தும்" என்றார்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் காலையில் டாக்டர் என்னை இடது பக்கம் பலமுறை சாய்த்து எழுப்புவார். முதல் தடவை உயிர் போகும். ஐந்தாம் தடவை சுற்றல் களைத்துப் போகும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் என்னைக் கொன்றது. எங்கள் வழக்கத்தில் ஓர் ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் பங்காளிகள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். பக்கத்துக் கட்டிலில் சித்தூர்க்காரர் ஒருவர், காலில் புண். அவரைச் சுற்றி எப்போதும் ஏழெட்டுப் பேர், பலகாரமும் சிரிப்புமாக. எனக்கு ஜன்னலும் அதற்கு வெளியே புளிய மரமும். ரோட்டில் மாட்டு மணி கேட்டால் நம் ஊர் வண்டியா என்று வலது காது தானாக நிமிரும். ஒன்றும் நிற்காது.

பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த மகள் வர முடியவில்லை, நிறைமாசம். இலவம்பஞ்சில் உயரமான தலையணை ஒன்று தைத்து அனுப்பினாள். ஏழாம் நாள் நாச்சாள் ஒரு தூக்குப் பாத்திரத்தைத் திறந்து வைத்தாள். கொள்ளுப் பருப்பும் ராகிக் களியும். ருசி பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது உன்ற கை இல்லியே."

"சின்னவரு சம்சாரம் குடுத்து உட்டாங்க. அவருக்குத் தெரியாதுங்க. பேசாமத் தின்னுங்க."

தின்றேன். கடைசிக் கவளத்தில் நாச்சாள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேப்பேன், கோவிக்கக் கூடாது. நெசமாலுமே நீங்க அந்தக் கல்ல நகத்துலீங்களா?"

ரத்தம் தோய்ந்த தலையணையைக் கேள்வி கேட்காமல் துவைத்தவள் இவள். அவளே கேட்கிறாள் என்றால் எத்தனை நாள் உள்ளே வைத்திருந்திருப்பாள்! இல்லை என்றேன். "சரிங்க" என்று பாத்திரத்தைக் கழுவ எடுத்துப் போனாள். அவள் நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் ஒதுக்கினபோதும் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

அடுத்த நாள் காலை டாக்டர் வழக்கம்போலச் சாய்த்தார். சுவர் சுற்றியது. எனக்கு இப்போது தெரியும், சுவர் நிற்கிறது. தெரிந்தும் என் கண் சுற்றுகிறது என்றே சாட்சி சொல்லியது. சத்தியம் செய்யச் சொன்னால் நான் சுவர் சுற்றியது என்றுதான் சத்தியம் செய்வேன். அதில் துளியும் கள்ளம் இருக்காது. ஆனாலும் அது பொய்.

கல்லைப் பற்றி அப்போதுதான் நினைத்தேன். மழைச் சேறு, வரப்பே இல்லாத வெள்ளக்காடு. இருந்த இடத்தில் நட்டேன் என்கிறேனே, இருந்த இடம் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணால் மட்டம் பார்த்து நட்டேன். கண் சொன்னது, நட்டேன்.

சின்னச்சாமியைக் கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வருவான் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்தான். கட்டிலுக்குக் கிட்ட வராமல் வாசற்படியிலேயே நின்றான். டாக்டர் அவன் முன்னால் என்னை வலது பக்கம் சாய்த்துக் காட்டினார், இடது பக்கம் சாய்த்துக் காட்டினார். என் கண் ஆடியதை அவன் கிட்ட வந்து குனிந்து பார்த்துவிட்டு மறுபடி படிக்கே போய்விட்டான்.

"டாக்டரு சொல்றது டாக்டரு சொல்றதுங்ணா. அதுக்காவ ஆத்தா சொன்னது இல்லைன்னு ஆயிருமா?" என்றான்.

"அத உடு. அதிகாரிகிட்ட எழுதிக் குடு. சங்கிலி போட்டு அளக்கட்டும்."

"ஆரு, நீங்களா சொல்றீங்க?"

"நாந்தாஞ் சொல்றேன். அன்னிக்குக் கல்லு சாஞ்சு கெடந்துது. நாந்தான் நட்டேன். கண்ணுல பாத்து நட்டேன்."

"இத முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்ணா" என்றான். பிறகு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். சித்தூர்க்காரரிடம் கால் புண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீடு திரும்பின மாசத்தில் அளந்தார்கள். மூன்று முழம். கல் மூன்று முழம் அவன் பக்கம் ஏறி இருந்தது. நானே கடப்பாரை எடுத்துத் தோண்டினேன். இந்தத் தடவை தம்பியும் ஒரு பக்கம் பிடித்தான். "பொதிய மட்டும் எப்பிடிங்ணா சரியாச் சொன்னீங்க, மூணு மொழம் கண்ணுக்குத் தெரியலையே" என்று சிரித்தான். அவன் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

ஆனால் ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பார்த்தீர்களா, ஆத்தா சொன்னது சரியாகப் போயிற்று என்றார்கள். தம்பியும் அதையே நம்புகிறான். பூசாரி நடையைத் திறந்துவிட்டார். தப்பை ஒத்துக்கொண்டதால் சுற்றல் நின்றது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிறார். காது, குழாய், சுண்ணாம்பு மணி என்று நான் சொன்னால் வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டுகிறார்கள். நான் பொய்ச் சத்தியம் செய்யவில்லை, தவறாகச் சத்தியம் செய்தேன் என்று எத்தனை பேரிடம் சொல்வது?

சுற்றலும் உண்மையில் நின்றுவிடவில்லை. இரண்டு தடவை திரும்ப வந்தது. ஒரு தடவை காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தபோது. இன்னொரு தடவை, நாவிதர் எண்ணெய் தேய்த்துவிட்டுத் தலையைப் பிடித்து வெடுக்கென்று சொடக்கு எடுத்தபோது. வந்தால் பயப்படாதீர்கள். கட்டிலோடு கிடக்காதீர்கள், மெல்ல உட்கார்ந்து, மெல்ல எழுந்து, நடமாடுங்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே எப்போதும் தூங்காதீர்கள். சொம்பை அண்ணாந்து குடிக்காமல் டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் எச்சில் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். தலையில் அடி பட்டிருந்தால் மறைக்காதீர்கள். நான் இப்போது வலது பக்கம் தூங்குகிறேன். மேலே இருப்பது மந்தமான காது. வெளியே என்ன நடந்தாலும் தெரிவதில்லை.

போன வாரம் மேட்டுத்தோட்டத்துப் பழனாத்தாள் என் வாசலுக்கு வந்தாள். புருஷனை இழந்தவள், ஐம்பத்தைந்து வயசு இருக்கும். ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டே நின்றாள்.

"ஏனுங்க, பாயில திரும்புனா ஊடு சுத்துதுங்க. வெத்தல போடற நேரம் சுத்தி நிக்குது. ரெண்டு மாசமாச்சு."

"காதுக் கோளாறு ஆத்தா அது. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

"உங்களுக்குச் சரிங்க, கல்லு இருந்துது. எடுத்து நட்டீங்க, போயிருச்சு. நா என்ன பண்ணுனேன்னுதான் ரெண்டு மாசமா ரோசன பண்ணிப் பாக்கறேன், ஒண்ணும் அகப்பட மாட்டீங்குது. உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

இரண்டு மாசம் தனியாக உட்கார்ந்து தன் பாவத்தைத் தேடியிருக்கிறாள். எதிலாவது தலை இடித்ததா என்று கேட்டேன். ஆட்டுப்பட்டி உத்தரத்தில் இடித்ததாம், ஐப்பசியில். எந்தப் பக்கம் திரும்பினால் சுற்றுகிறது என்றேன். வலது பக்கம். டாக்டர் கேட்டதையெல்லாம் நான் கேட்கக் கேட்க அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கும் காதுதானுங்களா? கல்லில்லீங்களா?"

"ரெண்டுந்தான் ஆத்தா. கல்லும் தப்பு, காதும் கெட்டுது. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமுமில்ல."

"அப்ப அன்னிக்குக் கோயில்ல நீங்க பொய் சொல்லலீங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டு மாசம் ஆகிறது. அதை என்னிடம் ஒருவர் சொன்னது அன்றுதான். நான் எழுந்து போய், மெல்லத்தான் எழுந்தேன், அவளுக்காக வண்டியைக் கட்டினேன்.